பப்ளிக் ஸ்கொயரில் நிற்கும் கறுப்புத் தூண்

க்ளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைக்கு வந்திருந்தபோது, இரண்டு கச்சேரிகளுக்கு நடுவே கிடைத்த ஒரு மத்தியானத்தில் பப்ளிக் ஸ்கொயர் வரை போய் அங்கே ஒரு பெரிய தூணையும் சுற்றிலும் வெண்கலச் சிலைகளையும் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். உள்ளே போக நேரமில்லை என்கிறீர்கள். கேட்டிருப்பது மூன்று கேள்விகள். இது யாருக்காகக் கட்டியது? கடலே இல்லாத ஊரில் ‘சோல்ஜர்ஸ் அண்ட் செய்லர்ஸ்’ என்று மாலுமிகளையும் சேர்த்துப் பெயர் வைத்தது ஏன்? சில வருஷங்களாகச் செய்திகளில் அடிபடுகிற, பீடத்திலிருந்து இறக்கப்படுகிற உள்நாட்டுப் போர்ச் சிலைகளில் இதுவும் ஒன்றா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை. இறக்கப்படுபவை பெரும்பாலும் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தளபதிகளுக்கும் வீரர்களுக்கும் எழுப்பியவை. நீங்கள் பார்த்தது எதிர்த்தரப்பின் சின்னம். 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் ஒன்றியத்தின், அதாவது பிரிந்துபோகாத வட மாநிலங்களின், பக்கம் நின்று போரிடப் போன ஒஹாயோ மாநிலத்துக்காரர்களுக்கு, அதிலும் குறிப்பாக க்ளீவ்லாந்து இருக்கும் கயஹோகா கவுன்ட்டி என்ற ஒரே ஒரு மாவட்டத்துக்காரர்களுக்கு எழுப்பியது. அதன் முழுப் பெயரே கயஹோகா கவுன்ட்டி சோல்ஜர்ஸ் அண்ட் செய்லர்ஸ் மானுமென்ட் தான். இந்த ‘கவுன்ட்டி’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

இது ஒரு ஊர் தன் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துக் கட்டிய கட்டடம். தூணின் அடியில் சதுரமாக ஒரு கட்டடம் இருக்கிறதே, வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் பீடம் மாதிரிதான் தெரியும். அதற்குள் ஒரு அறை இருக்கிறது. அந்த அறையின் சுவர் முழுக்கப் பளிங்குப் பலகைகள். பலகைகள் முழுக்கப் பெயர்கள், சுமார் 9,000 பெயர்கள். நீங்கள் பார்க்காமல் வந்துவிட்டது அதைத்தான். எனக்கு இந்தச் சின்னத்தின் உயிர் அந்த அறையில்தான் இருக்கிறது. மேலே 125 அடி உயரத்தில் நிற்கும் சுதந்திர தேவியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தால் போதும். உள்ளே நான் போய்க்கொண்டே இருக்கிறேன்.

எப்படிக் கட்டினார்கள் என்பதைச் சொல்கிறேன். போர் முடிந்து பதினான்கு வருஷம் கழித்து, 1879ல், முன்னாள் வீரர்கள் கூடிய இடத்தில் வில்லியம் க்ளீசன் என்ற அவர்களில் ஒருவர் இந்த யோசனையை வைத்தார். நாடு முழுக்க அப்போது இதே பேச்சுதான். பாஸ்டனில் 1877லேயே கட்டி முடித்திருந்தார்கள். இந்தியானாபொலிஸில் 1902ல் திறந்தது 284 அடிக்கு மேல் உயரம். சின்ன ஊர்களுக்கு அவ்வளவு பணம் ஏது? அவர்கள் சிலை விற்கும் கம்பெனிகளின் அட்டவணையைப் பார்த்து, துப்பாக்கியைத் தரையில் ஊன்றி நிற்கும் ஒரு சிப்பாய் சிலையை வரவழைத்தார்கள். கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் ஒரு கம்பெனி துத்தநாகத்தில் இந்தச் சிப்பாய்களை வார்த்து வடக்கே தெற்கே என்று பார்க்காமல் இரண்டு பக்கமும் விற்றது. அமெரிக்காவில் காரில் போகும்போது கோர்ட் வாசலில், சின்னப் பூங்காவில் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் தனியாக ஒரு சிப்பாய் நின்றால், அவன் பெரும்பாலும் அந்த வகைதான்.

க்ளீவ்லாந்து அட்டவணையைப் பார்க்கவில்லை. தன் ஊர்க்காரர் ஒருவரிடம் வேலையைக் கொடுத்தது. லெவி ஸ்கோஃபீல்ட், கட்டடக் கலைஞர், க்ளீவ்லாந்திலேயே பிறந்தவர். 103ஆம் ஒஹாயோ காலாட்படையில் போருக்குப் போய் கேப்டனாகத் திரும்பியவர். கட்டடத்தையும் அவரே வரைந்தார், சிலைகளையும் அவரே வடித்தார். ஏழு வருஷத்துக்கும் மேல் இந்த வேலையில் கிடந்தும் ஊதியம் என்று ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. நீங்கள் ஆராதனை நடக்கும் க்ளீவ்லாந்து ஸ்டேட் யுனிவர்சிட்டியிலிருந்து யூக்ளிட் அவென்யூ வழியாகத்தானே நடந்திருப்பீர்கள்? ஒன்பதாவது தெரு முனையில் ஒரு பழைய உயரமான கட்டடத்தைத் தாண்டியிருப்பீர்கள், இப்போது ஹோட்டலாக இருக்கிறது. அது ஸ்கோஃபீல்ட் பில்டிங். அதுவும் அவர் கட்டியதுதான்.

இடத்துக்குத்தான் பெரிய சண்டை. சதுக்கத்தின் தென்கிழக்கு மூலையில் ஏற்கெனவே கமோடோர் பெரியின் சிலை நின்றது. 1813ல் இதே ஈரி ஏரியில் பிரிட்டிஷ் கப்பல்களை வென்றவர் அவர். அந்தச் சிலையை அகற்றிவிட்டு அங்கேதான் கட்டவேண்டும் என்று சின்னத்துக்கான ஆணையம் பிடிவாதமாக நின்றது. நகரத்தில் பலர் எதிர்த்தார்கள். ஊருக்கு நட்டநடுவில் இவ்வளவு பெரியதாக எதற்கு, வேறு பூங்காவில் வையுங்களேன் என்றார்கள். வழக்கு ஒஹாயோ உச்ச நீதிமன்றம் வரை போய் ஆணையத்துக்குச் சாதகமாக முடிந்தது. பெரியின் சிலை வேட் பார்க் என்ற பூங்காவுக்குப் போனது.

வெறும் பிடிவாதமாக எனக்கு அது தெரியவில்லை. முன்னாள் வீரர்களுக்கு அந்தச் சதுக்கம் சாதாரண இடமில்லை. 1864 பிப்ரவரியில் அங்கேதான் பெண்கள் மரக் கட்டடம் எழுப்பி ஒரு பெரிய சந்தை நடத்தி, காயம்பட்ட சிப்பாய்களுக்காகச் சுமார் 78,000 டாலர் திரட்டினார்கள். அடுத்த வருஷம் ஏப்ரல் 28ஆம் தேதி, சுட்டுக் கொல்லப்பட்ட லிங்கனின் உடலைச் சொந்த ஊருக்கு ரயிலில் கொண்டுபோகும் வழியில் அதே சதுக்கத்தில் பந்தல் போட்டு வைத்தார்கள். மழையில் லட்சம் பேர் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனதாகக் கணக்கு. அந்த நினைவுகளை விடாதவர்கள்தான் பிற்பாடு அந்த மூலையை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

செலவு 2,80,000 டாலர். மாவட்டச் சொத்து வரியிலிருந்து எடுத்தார்கள், அதாவது ஊரே கட்டியது. 1894 ஜூலை 4 அன்று திறந்தார்கள். அப்போது ஒஹாயோ கவர்னராக இருந்த வில்லியம் மெக்கின்லி வந்திருந்தார். அவரும் 23ஆம் ஒஹாயோ படையில் சிப்பாயாகப் போனவர், பின்னால் நாட்டின் ஜனாதிபதி ஆனார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, மாலுமிகள். ‘சோல்ஜர்ஸ் அண்ட் செய்லர்ஸ்’ என்பது அந்தக் காலத்தில் ஒரு ஜோடிச் சொல். போருக்குப் போன எல்லாரையும் விடாமல் குறிக்க அப்படித்தான் சொல்வார்கள். நியூயார்க், பாஸ்டன், பிட்ஸ்பர்க் எங்கே போனாலும் இதே பெயரில் ஒன்று இருக்கும். அது ஒரு பாதிதான். க்ளீவ்லாந்துக்குக் கடல் இல்லை என்றாலும் ஏரி இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. ஈரி ஏரியில் பாய்க்கப்பலும் நீராவிக் கப்பலும் ஓட்டிப் பழகியவர்கள் இருந்தார்கள். மிசிசிப்பி ஆற்றில் போர்ப்படகுகளுக்கு ஆள் தேடியபோது ஏரிக்கரை ஊர்களிலிருந்தும் எடுத்தார்கள்.

கடற்படை என்ன செய்தது என்று கேட்டால், தெற்கின் கழுத்தைப் பிடித்தது. 1861 ஏப்ரலில் லிங்கன் தெற்கின் கரையை அடைத்துவிடும்படி உத்தரவு போட்டார். கரையின் நீளம் சுமார் 5,600 கிலோமீட்டர். அப்போது பணியில் இருந்த கப்பல்கள் 42. போர் முடியும்போது 600க்கு மேல். பருத்தியை வெளியே விற்றுத்தான் தெற்கு துப்பாக்கி வாங்கவேண்டும், அந்தப் பருத்தி வெளியே போகாமல் நின்றது. இதன் அலை நம் ஊர் வரை வந்தது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்கப் பருத்தி நின்றதும் லங்காஷயர் ஆலைகளுக்காக லிவர்பூல் வியாபாரிகள் இந்தியப் பருத்திக்கு ஓடினார்கள். திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கு அதுவரை காணாத விலை வந்தது, தூத்துக்குடியில் பொதிகள் குவிந்தன. போர் முடிந்ததும் விலை விழுந்தது. அந்த நாலு வருஷம் கரிசலில் பணம் புரண்டதற்கு ஒரு காரணம், அட்லாண்டிக்கில் மழையிலும் வெயிலிலும் காவல் நின்ற அந்த மாலுமிகள்.

சரி, சிலைக்கு வருவோம். தூணின் நாலு பக்கமும் நாலு வெண்கலக் கூட்டம்: காலாட்படை, பீரங்கிப்படை, குதிரைப்படை, கடற்படை. காலாட்படைக் கூட்டம், ஜார்ஜியாவில் ரெசாகா என்ற இடத்தில் 1864 மே மாதம் ஸ்கோஃபீல்டின் சொந்த 103ஆம் படை தன் கொடியை விடாமல் நின்றதைக் காட்டுகிறது. அந்தப் படைக்காரர்களின் வாரிசுகள் க்ளீவ்லாந்துக்கு மேற்கே ஷெஃபீல்ட் லேக்கில், ஏரிக்கரையில் ஒரு மியூசியம் வைத்துக்கொண்டு, இன்றைக்கும் கோடையில் கூடுகிறார்கள். பீரங்கியும் குதிரையும் நன்றாகத்தான் இருக்கின்றன, அவற்றைத் தாண்டிப் போய்விடலாம்.

கடற்படைக் கூட்டத்தின் முன்னால்தான் நிற்கவேண்டும். அதற்கு ‘மார்ட்டர் ப்ராக்டிஸ்’ என்று பெயர். 1862 வசந்தத்தில் மிசிசிப்பி ஆற்றில் பத்தாம் நம்பர் தீவு என்ற கோட்டையை ஒன்றியப் படகுகள் வாரக்கணக்கில் குண்டு போட்டுத் தாக்கின, அந்தக் காட்சி. மார்ட்டர் என்பது குட்டையான, வாய் அகன்ற பீரங்கி. குண்டை நேராகச் சுடாது, வானத்தைப் பார்த்து எறியும், அது வளைந்து போய்க் கோட்டைச் சுவருக்கு உள்ளே விழும். அதன் வாய் 13 அங்குலம், எடை ஏழு டன்னுக்கு மேல். ஒரு குண்டே தொண்ணூறு கிலோ இருக்கும். ஒரு தட்டைப் படகுக்கு ஒரு மார்ட்டர்தான் தாங்கும். திரி பற்றவைக்கும் முன் மாலுமிகள் பின்தளத்துக்கு ஓடிப்போய், காது கிழியாமல் இருக்க வாயைத் திறந்துகொண்டு நுனிக்காலில் நிற்பார்களாம்.

சிலையில் இருப்பது அதற்கு முந்தைய கணம். குண்டு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் அதிகாரி. ஏற்றுகிற மாலுமிகளில் ஒருவன் கறுப்பினத்தவன். ஓரமாக மண்டியிட்டு நன்றி சொல்லும் உருவமாக அவனை வைக்கவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து, அதே சீருடையில், அதே குண்டோடு மல்லுக்கட்டுகிறான். 1894ல் அமெரிக்க நகரத்தின் நடுச் சதுக்கத்தில் ஒரு கறுப்பினத்தவனை இப்படி வெண்கலத்தில் வார்த்து நிறுத்தியது சாதாரணம் இல்லை. பாஸ்டனில் 54ஆம் மாசசூசெட்ஸ் கறுப்பினப் படைக்கு எழுப்பிய புகழ்பெற்ற சிற்பமே மூன்று வருஷம் கழித்துத்தான் வந்தது.

ஸ்கோஃபீல்ட் கற்பனை செய்து சேர்க்கவில்லை, நடந்தது அதுதான். தரைப்படை கறுப்பினத்தவரை 1863 வரை பெரிய அளவில் சேர்க்கவில்லை. சேர்த்த பிறகும் தனிப் படைப்பிரிவு, வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர் என்றால் இவர்களுக்கு 10, அதிலும் 3 டாலர் உடைக்குப் பிடித்தம். 1864ல்தான் அதைச் சரி செய்தார்கள். கடற்படையில் 1861 செப்டம்பரிலேயே சேர்க்க அனுமதி வந்துவிட்டது. கப்பலில் தனிப் பிரிவு என்று பிரிக்க இடம் ஏது? ஒரே தளத்தில் வேலை, ஒரே தளத்தில் தூக்கம். தப்பி வந்த அடிமைகளைக் கடைசிப் படிநிலையில்தான் சேர்த்தார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் சுமார் 18,000 பேர், கடற்படையில் ஐந்தாறு பேருக்கு ஒருவர், கறுப்பினத்தவர். மாலுமிகளைத் தனியாகப் பெயர் சொல்லி வைத்ததால் இந்தச் சின்னத்தில் நடந்த நல்ல காரியம் அந்த ஒரு மனிதன் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் உள்ளே போங்கள். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். நடுவில் தூணைத் தாங்கும் கட்டுமானம், அதில் நாலு பெரிய வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள். ஒன்றில் லிங்கன் நிற்கிறார். மண்டியிட்டிருக்கும் ஒருவனிடமிருந்து கழற்றிய விலங்கு ஒரு கையில், அவனிடம் கொடுக்கும் துப்பாக்கி மறு கையில். மண்டியிட்ட உருவம் அந்தக் காலத்துப் பழக்கம், எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் விலங்கைக் கழற்றியதோடு நிறுத்தாமல் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதை அந்தக் காலத்துச் சிற்பத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. லிங்கனின் இரண்டு பக்கமும் நிற்பவர்கள் எல்லாருமே ஒஹாயோ அரசியல்வாதிகள். இன்னொரு சிற்பம் பெண்களுக்கு. லிங்கன் ஆள் கேட்டு அறிவித்த ஐந்தாம் நாளே, 1861 ஏப்ரல் 20ல், க்ளீவ்லாந்துப் பெண்கள் ஒரு உதவிச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். ரெபெக்கா ரௌஸ் தலைவி. போர்வை, கட்டுத்துணி, மருந்து, டப்பா உணவு என்று போர்முனைக்குக் கடைசி வரை அனுப்பினார்கள். மேலே சொன்ன சந்தையும் இவர்கள் நடத்தியதுதான்.

சுவரில் சில மார்பளவுச் சிலைகளும் இருக்கும். அதில் மெர்வின் க்ளார்க் என்ற பெயரைத் தேடுங்கள். அம்மா அப்பா இல்லாத பையன். 7ஆம் ஒஹாயோ படையில் பதினேழு பதினெட்டு வயதில் சேர்ந்தான். லெப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்து 1864 நவம்பரில் டென்னசியில் ஃப்ராங்க்ளின் சண்டையில் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னே போனபோது செத்தான். இருபத்தொரு வயது. நம் வீட்டில் காலேஜ் கடைசி வருஷம் படிக்கும் வயது.

இப்போது பெயர்கள். முதல் தடவை பார்க்கும்போது கண் ஓடாது. பளிங்கில் சின்ன எழுத்தில், படைப்பிரிவு வாரியாக, வரிசை வரிசையாக இறங்கும். ஏதாவது ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே மெதுவாகப் படியுங்கள், ஒரு ஐந்து நிமிஷம் போதும். ஒரு பலகையில் ஜெர்மன் குடும்பப் பெயர்களாக வரும், 37ஆம் ஒஹாயோ மாதிரி ஜெர்மன்காரர்களே சேர்ந்த படை. வேறொன்றில் ஐரிஷ் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வந்தால் அண்ணன் தம்பியா, அப்பா பிள்ளையா என்று மனம் தானாகக் கேட்கும். அந்த மாவட்டத்திலிருந்து போனவர்கள் சுமார் 10,000, திரும்பாதவர்கள் சுமார் 1,700. இந்தப் போரில் மொத்தம் செத்தவர்கள் ஆறு லட்சத்துக்கு மேல் என்று சொல்லிவந்தார்கள், பழைய மக்கள்தொகைக் கணக்கை வைத்து 2011ல் வந்த ஆய்வு ஏழரை லட்சம் என்கிறது. அதில் பெரும்பங்கு குண்டு பட்டுச் செத்ததில்லை, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும்தான். இந்தச் சுவர் அதையெல்லாம் பிரித்துக் காட்டாது. ஜெனரலுக்கும் சமையல்காரனுக்கும் ஒரே அளவு எழுத்து.

ஆனால் ஒரு குறை இருந்தது. வெளியே ஒரு கறுப்பின மாலுமியை வெண்கலத்தில் நிறுத்திய ஊர், உள்ளே பல கறுப்பின வீரர்களின் பெயரைச் சேர்க்காமல் விட்டிருந்தது. எப்படி விடுபட்டது என்பதை ஓரளவு யூகிக்கலாம். போர் ஆரம்பித்தபோது சேர வந்த கறுப்பினத்தவரை ஒஹாயோ ஏற்கவில்லை. 1863ல் பலர் மாசசூசெட்ஸ் வரை போய் 54ஆம் படையில் சேர்ந்தார்கள். அதன்பிறகு ஒஹாயோ தொடங்கிய கறுப்பினப் படைப்பிரிவுக்கு முதலில் 127ஆம் ஒஹாயோ என்று பெயர். உடனே அதை மத்திய அரசின் 5ஆம் கறுப்பினத் துருப்புகள் என்று மாற்றிவிட்டார்கள். பெயரில் ஒஹாயோ போய்விட்டது. 1864 செப்டம்பரில் வர்ஜீனியாவில் நியூ மார்க்கெட் ஹைட்ஸ் சண்டையில் அந்த ஒரே படையின் நாலு சார்ஜன்ட்டுகள் நாட்டின் உச்ச வீர விருதை வாங்கினார்கள், அப்படிப்பட்ட படை. மாவட்டப் பட்டியல் தயாரித்தவர்கள் ஒஹாயோ படைகளின் பதிவேடுகளைப் புரட்டினால் இவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். தேடிப் போயிருக்கவேண்டும். தேடவில்லை.

பின்னால் தேடினார்கள். சின்னத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆணையமும் ஆர்வலர்களும் படைப் பதிவேடுகளையும் ஓய்வூதியக் கோப்புகளையும் ஒப்பிட்டு விடுபட்டவர்களைக் கண்டுபிடித்து, 2019ல் புதிய பலகைகள் வைத்தார்கள். அதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பினப் படைகளில் இருந்தவர்கள். போர் முடிந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாஸ்டனிலும் இதே கதைதான். 54ஆம் படையின் சிற்பத்தில் 1897ல் வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர் மட்டும் இருந்தது, செத்த கறுப்பினச் சிப்பாய்களின் பெயரைப் பின்பக்கம் செதுக்கியது 1980களில்.

அடுத்த வருஷம் ஆராதனைக்கு வந்தால், சாயங்காலக் கச்சேரிக்கு முன்னால் இரண்டு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். யுனிவர்சிட்டி வாசலிலிருந்து யூக்ளிட்டில் மேற்கே அரை மணி நடை, நடக்க முடியாதென்றால் ஹெல்த்லைன் பஸ் நேராகச் சதுக்கத்துக்கே வரும். உள்ளே போகக் கட்டணம் இல்லை, திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் வெளியே மார்ட்டர் பக்கத்தில் அந்த மாலுமியைப் பாருங்கள். அப்புறம் உள்ளே போய், பழைய பலகைகளில் ஒன்றைப் படித்துவிட்டு, புதிய பலகைகள் எங்கே என்று அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.